மிஸ்ஸி கொடுத்த சதுரத் துணி

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்து ஆண்ட 'ஜப்பான்காரன் காலத்தை'ப் பற்றிப் பலரும் தங்கள் வீட்டுக் கதைகளைப் பகிர்ந்ததைப் படித்தேன். என் பாட்டி சொன்னதை நானும் சொல்கிறேன்.

பாட்டி கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர். மிஷன் பள்ளியில் அவருக்குத் தையல் சொல்லித் தந்தது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மிஸ்ஸி, அதாவது வெள்ளைக்கார ஆசிரியை. சங்கிலித் தையலில் ஒரு கண்ணி பெரிதாகிவிட்டாலும் முழுவதையும் பிரிக்கச் சொல்வாராம். ஆனால் திட்ட மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து தானும் சேர்ந்து பிரிப்பாராம்.

சண்டை நெருங்கியதும் மிஸ்ஸியைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். 1942 ஜனவரி 11 அன்று ஜப்பான் படை கோலாலம்பூருக்குள் வந்தது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி தோக்கியோ நேரமாக்கினார்கள். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பாட்டியின் அப்பாவைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. பிறகு வீட்டில் அடுப்பெரிந்தது பாட்டியின் ஊசியால்தான். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. புதுத் துணியே கிடைக்காததால் கிழிந்த சட்டைகளைப் பிரித்து நூல் எடுத்துத் தைத்தாராம்.

சிங்கப்பூரும் ஜப்பானிடம் விழுந்ததால், மிஸ்ஸி அங்கே சாங்கி சிறையில் அடைபட்டிருந்தார். அங்கே அடைபட்ட பெண்கள் ஆளுக்கொரு சதுரத் துணியில் பெயரும் படமும் தைத்து, அவற்றை இணைத்து விரிப்புகளாக்கினார்கள். தனியாக அடைபட்டிருந்த கணவர் பார்த்தால், மனைவி உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்துகொள்வாரே! அப்படிச் செய்த மூன்று விரிப்புகளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், இரண்டு ஆஸ்திரேலியாவில், ஒன்று லண்டனில். மிஸ்ஸிக்குக் கணவர் கிடையாது. தைக்கத் தெரியாதவர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாராம்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்த ரயில் பாதையில் செத்த போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கானோருக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. அதே பாதையில் செத்த நம் தமிழ் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. எனக்கு இது ஆறாத மனக்குறை.

சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய மிஸ்ஸி, பாட்டியைப் பார்த்ததும் அப்பாவைத்தான் விசாரித்தார். பாட்டி வாய் திறக்கவில்லை. மிஸ்ஸி அவர் கையைப் பிடித்து, ஊசி குத்திக் காய்த்துப்போன விரல் நுனியைத் தடவிக்கொண்டே இருந்தாராம். மறுநாள் ஒரு சதுர வெள்ளைத் துணியைக் கொடுத்து, "அப்பா பெயரைத் தமிழிலேயே தை" என்றார்.

அந்தத் துணி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. நீல நூல், சங்கிலித் தையல். கடைசி எழுத்தில் ஒரு கண்ணி பெரிதாகப் போயிருக்கிறது. மிஸ்ஸி அதைப் பிரிக்கச் சொல்லவில்லையாம்.