மாண்டலே கட்டட வரைபடம்: கீழ்த்தளத்தைப் பற்றி

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

மியான்மரின் மாண்டலேயில் நாம் கட்டப்போகும் சங்கக் கட்டடத்தின் வரைபடம் பார்த்தேன். கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்த, சுவரே இல்லாமல் வெறும் தூண்கள். மேலே இரண்டு தளமும் செங்கல் சுவர். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் (அளவு 7.7) இங்கே இப்படிப்பட்ட கட்டடங்களில் கீழ்த்தளம் மட்டும் நசுங்கி, மாடி அப்படியே தெரு மட்டத்துக்கு இறங்கி நின்றதைப் பார்த்தவன் நான்.

இதற்குப் பவுலே வழியில் கட்ட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். பவுலே யார் என்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் அண்ணன் கேட்டிருந்தார். உங்கள் ஊர்ப் பேராசிரியர்தான் அண்ணே! தாமஸ் பவுலே, 1923-ல் ஹங்கேரியில் பிறந்து, போருக்குப் பின் ஜெர்மனிக்குத் தப்பி, 1951-ல் நியூசிலாந்து வந்து சேர்ந்தவர். பிறகுதான் பொறியியல் பட்டம். சில ஆண்டுகள் கட்டட வடிவமைப்பு வேலை, 1961-ல் கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கேண்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். முனைவர் பட்டம் 1969-ல். வெறுங்கையோடு ரங்கூனை விட்டுக் கப்பலேறிய நம்மவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

அவரும் அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் பார்க்கும் வளர்த்தெடுத்த முறை இதுதான்: பெரிய நிலநடுக்கத்தில் சேதமே வராமல் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் எது வளைய வேண்டும் என்று நாமே முன்கூட்டி முடிவு செய்துவிட வேண்டும். பீமின் முனைகள் வளையட்டும், தூண் நிற்கட்டும். இரண்டு கான்கிரீட் சுவர்களை இணைக்கும் குட்டை பீம்கள் பெருக்கல் குறி போல வெடிப்பதைப் பார்த்து, கம்பியையும் அதே மாதிரி குறுக்காகப் போடச் சொன்னவர் பவுலே.

நம் வேலையில் இது ரிங்கில், அதாவது தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியில், தொடங்குகிறது. தூணில் ரிங் நெருக்கமாக வர வேண்டும், முக்கியமாக மேல், கீழ் முனைகளில். ரிங்கின் கொக்கியை 135 டிகிரிக்கு உள்பக்கம் மடக்க வேண்டும். மேஸ்திரிகள் சுலபமாக 90-ல் நிறுத்திவிடுவார்கள். ரிங்குக்கு வெளியே மூடியிருக்கும் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி பிரிந்துகொள்ளும், அப்புறம் தூணைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முறை காப்பது உயிரை, கட்டடத்தை அல்ல. 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரில் 115 பேர், சரியாக வடிவமைக்காத ஒரே கட்டடம் இடிந்ததில் போனார்கள். இடியாமல் நின்று உயிரைக் காத்த கட்டடங்களில் பலவற்றையும் பிறகு இடிக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆகவே கீழே இரண்டு திசையிலும் கான்கிரீட் சுவர் வேண்டும், கணக்கை ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் போட வேண்டும். கார் இடம் குறையும், செலவு கூடும். மாடி ஹாலுக்குக் கிரானைட் வேண்டாம், சிமெண்ட் தரை போதும் என்பது என் கருத்து. பொருளாளர் அக்கா என்ன சொல்கிறீர்கள்?