ஒரே கொலை வழக்கு, மூன்று முடிவுகள்: தூக்குத் தண்டனையே அநியாயமா?

கரிசல்மண்:
வழங்கும் விதம் கோணலாக இருந்தால் தண்டனையும் கோணல்தானா என்று கேட்பவர்கள் ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் படிக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் கொலை. அதில் ஹர்பன்ஸ் சிங், காஷ்மீரா சிங், ஜீத்தா சிங் மூவருக்கும் ஒரே பங்கு, மூவருக்கும் தூக்கு. தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். காஷ்மீரா சிங்கின் தண்டனையை ஓர் அமர்வு ஆயுளாகக் குறைத்தது. ஜீத்தா சிங்கின் மனுவை வேறோர் அமர்வு தள்ளுபடி செய்தது. 1981 அக்டோபர் 6 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். ஹர்பன்ஸ் சிங்குக்கும் அதே நாள்தான் குறித்திருந்தார்கள். கடைசி நேர மனு காப்பாற்றியது.

தராசு:
காஷ்மீரா சிங் பிழைத்ததால் ஜீத்தா சிங் செய்த கொலை சிறியதாகிவிடுமா? ரேஷன் கடையில் எடை குறைந்தால் கடைக்காரரைப் பிடிப்போம். அரிசியே கூடாது என்போமா?

கரிசல்மண்:
இங்கே அரிசி எது, எடை எது ஐயா? உச்ச நீதிமன்றத்தின் 1980 பச்சன் சிங் தீர்ப்புப்படி கொலைக்கு ஆயுள் தண்டனைதான் விதி. தூக்கு ‘அரிதினும் அரிதான’ வழக்குக்கு மட்டும். கொலை செய்ததாலேயே ஒருவர் தூக்குக்கு உரியவர் ஆவதில்லை. நீதிபதிகள் பொறுக்கி எடுக்கிறார்கள், அதனால் உரியவர் ஆகிறார். அந்தப் பொறுக்கல் எந்த அமர்வு என்பதைப் பொறுத்தது என்றால், ‘அவனுக்குத் தகுந்ததுதானே’ என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

தராசு:
அப்படியானால் பொறுக்குவதை நிறுத்துவோம். இன்ன கொலைக்குத் தூக்கு கட்டாயம் என்று எழுதிவிடலாம்.

திண்ணைக்காரர்:
எழுதித்தான் வைத்திருந்தார்கள். இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 303: ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கைத் தவிர வேறு தண்டனை கிடையாது. 1983இல் மிட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்றம் நடந்த சூழலைப் பார்க்கவே விடாத சட்டம் நியாயமற்றது என்றது. பொறுக்கினாலும் தப்பு, பொறுக்காவிட்டாலும் தப்பு; தராசு இப்போது எங்கே நிற்கப்போகிறார்?

தராசு:
நின்ற இடத்திலேதான். அந்த நான்கு பேரைக் கொன்றவர்களுக்கு மரணம் தகாது என்று இதுவரை யாரும் காட்டவில்லை. நம் நீதிமன்றங்களுக்கு அதைச் சமமாக வழங்கத் தெரியவில்லை என்பதைத்தான் காட்டியிருக்கிறீர்கள். நிறுத்தி வையுங்கள் என்றால் யோசிப்பேன். கொள்கையளவிலேயே அநியாயம் என்றால் ஒப்ப மாட்டேன்.

கரிசல்மண்:
1982இல் ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி அதே நீதிமன்றம் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. ஜீத்தா சிங்குக்கு யாரிடம் பரிந்துரைப்பது?

தராசு:
ரேஷன் உவமையைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதை அல்ல.