யாழ்ப்பாணம் கினி வளைகுடாவுக்குப் போட்டுது!

வணக்கம் அண்ணாமார், அக்காமார். பாக்கு நீரிணையின்ர கடல் மேற்பரப்பு வெப்பநிலையை மோடிஸ் எண்ட செய்மதிக் கருவியின்ர தரவில இருந்து, கார்ட்டோபி எண்ட பைதன் வரைபட நிரல் தொகுப்பில வரையிறன். முதல் நாள் மெர்கேட்டர் (உருண்டைப் பூமியைத் தட்டையா வரையிற ஒரு முறை) படத்தில ஒண்டுமே தெரியேல்லை. விடிய விடிய மினக்கெட்டுத்தான் பிடிபட்டுது: தரவு பாகையில இருக்கு எண்டு சொல்லுற டிரான்ஸ்ஃபார்ம் குடுக்க மறந்திட்டன். 80 பாகை கிழக்கை 80 மீற்றர் எண்டு எடுத்து, எங்கட ஊரை ஆப்பிரிக்காப் பக்கம் கொண்டுபோய் வைச்சிட்டுது. அது சரி.

இப்ப பைரீசாம்பிளால (செய்மதிப் பிக்சலுகளை ஒழுங்கான கட்டங்களுக்கு மாத்திற நிரல்) 1 கிமீ வலையில போட்டால் படத்தின்ர ஓரம் ஓட்டை ஓட்டையா வருது. செய்மதிக்கு நேர் கீழ 1 கிமீ இருக்கிற பிக்சல் ஓரத்தில கிட்டத்தட்ட 5 கிமீ அகலமாகுதெல்லோ. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துப் பிக்சலைத் தேடுற ஆரையைக் கூட்டினால் ஓட்டை அடைபடுது, ஆனா வல்லிபுரக் கரையில தரையிலயும் கடல் நிறம் ஏறுது.

ஆரை எவ்வளவு வைக்கிறியள்? தரையைப் பிறகு மறைக்கிறதோ? ஆருக்கும் தெரிஞ்சால் சொல்லுங்கோ.