ஜப்பானிய மாணவியை வீட்டில் தங்கவைப்பது: முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன?

கேள்வி: நங்கநல்லூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாணவர் பரிமாற்ற அமைப்பு ஒன்று, ஜப்பானிலிருந்து வரவிருக்கும் 16 வயது மாணவி ஒருத்தியை ஜூலை முதல் அடுத்த ஏப்ரல் வரை எங்கள் வீட்டில் தங்கவைத்துக்கொள்ள இயலுமா என்று அவள் பள்ளி வழியாகக் கேட்டிருக்கிறது. எனக்கும் என் கணவருக்கும் மிகுந்த விருப்பம். மகளின் அறையில் இன்னொரு கட்டில் போட இடமும் இருக்கிறது. ஆயினும் சம்மதம் சொல்வதற்கு முன் அனுபவமுள்ளவர்களைக் கேட்பது நல்லது என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் சைவ உணவு மட்டுமே, முட்டையும் சமைப்பதில்லை. பெற்றோரை விட்டு இத்தனை தொலைவு வரும் பெண், பசித்தாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாளே என்று என் மாமியார் கவலைப்படுகிறார். என் கவலையும் அதுவே. உணவு, அரசு நடைமுறைகள், உடல்நலம் ஆகியவற்றில் நாங்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அடையாறு, ஓய்வுபெற்ற ஆசிரியை

சகோதரிக்கு வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜப்பானிய மாணவி எங்கள் வீட்டில் ஒரு கல்வியாண்டு முழுவதும் தங்கிப் படித்தாள். உங்கள் மாமியாரின் கவலை நியாயமானது. ஆனால் நான் பார்த்த வரையில், அந்தப் பிள்ளைகளைத் திணறவைப்பது பசியைவிட நம்முடைய உபசரிப்புதான். தட்டில் எடுத்த உணவை மிச்சம் வைக்காமல் உண்ண வேண்டும் என்று ஜப்பானில் சிறு வயதிலேயே பழக்குகிறார்கள். நமக்கோ, தட்டு காலியாவதைக் கண்டால் கரண்டியை எடுக்காமல் இருக்க முடியாது. அவள் மரியாதைக்காக உண்டு முடிப்பாள். நாம் அன்போடு மறுபடியும் பரிமாறுவோம். அவள் அதையும் உண்டுவிட்டு இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். ஆகவே முதல் நாளிலிருந்தே பாத்திரங்களை மேசையில் வைத்து, வேண்டிய அளவை அவளே எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாதே என்று பெரும்பாலும் "ஆம்" என்றுதான் சொல்வாள். "நாளைக்கு இட்லி செய்யட்டுமா, உப்புமா செய்யட்டுமா?" என்று கேளுங்கள், உண்மையான விருப்பம் தெரியவரும்.

அடுத்தது, வீட்டு வேலை. வந்த பெண்ணை வேலை வாங்குவதா என்று பெரியவர்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம் என்று அவர்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையையும் நடைவழிகளையும் மாணவர்களே பெருக்கித் துடைக்கிறார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு, மற்றவர்களெல்லாம் வேலை செய்துகொண்டிருக்கத் தான் மட்டும் மாதக்கணக்கில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது பெரிய சுமை. உங்கள் மகளுக்கு என்ன வேலைகள் உண்டோ அவற்றில் பாதியை இவளுக்கும் கொடுங்கள். எங்கள் வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் காய்ந்த துணிகளை மடிப்பதும் அவள் பொறுப்பாக இருந்தன. அந்த வேலைகள் வந்த பிறகுதான் அவள் சமையலறைக்குள் தயக்கமின்றி வரத் தொடங்கினாள். குளிர்சாதனப் பெட்டியைத் தானே திறந்து தயிரை எடுத்துக்கொண்டாள். சர்க்கரையோ பழமோ சேர்த்த தயிர்தான் அங்கே வழக்கம் என்பதால், தாளித்த தயிர்சாதம் பழக நாளாகும். வற்புறுத்த வேண்டாம்.

இன்னும் ஒன்று. நம் வீடுகளுக்கு உறவினர்கள் சொல்லாமலே வருவார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், உடனே படம் எடுத்துக் குடும்பக் குழுவில் பகிர்வார்கள். அங்கே, நெருங்கியவர்களைக்கூடத் தொட்டுப் பேசும் வழக்கம் மிகவும் குறைவு. படம் எடுப்பதற்கு முன் அவளுடைய சம்மதம் வேண்டும் என்பதை முன்னதாகவே எல்லோரிடமும் சொல்லிவைத்துவிடுங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் யாரும் பேச்சுக் கொடுக்காத சிறிது நேரத்தையும் அவளுக்கு ஒதுக்குங்கள். நாள் முழுவதும் அயல்மொழியில் கேட்டுப் பேசுவது மூளையை மிகவும் களைப்படையச் செய்யும்.

பதில்: ஒரகடத்தில் பணிபுரியும் பொறியாளர்

பணி நிமித்தமாக ஜப்பானின் நகோயா நகரில் குடும்பத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அந்த விவரத்தை வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியே தெரிவிக்க வேண்டும். எல்லோரும் சி படிவம் என்று சொல்லிப் பழகியது இதைத்தான். விடுதிகளுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். தனி வீடுகளுக்கும் இது பொருந்தும். விசா 180 நாள்களுக்கு மேற்பட்டது என்றால், மாணவியும் வந்த 14 நாள்களுக்குள் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. பரிமாற்ற அமைப்பு உதவும் என்றாலும், முகவரிச் சான்றும் பள்ளியின் சேர்க்கைக் கடிதமும் உங்கள் கையில் தயாராக இருக்கட்டும்.

சைவம் என்பதை அமைப்பிடம் இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஜப்பானியச் சமையலில் சூப்புக்கும் குழம்புக்கும் அடிப்படையான சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுக்கப்படுவதால், மீன் கலக்காத உணவை மட்டுமே மாதக்கணக்கில் உண்டு பழகியவர்கள் அங்கே மிகச் சிலரே. முட்டை ஏறக்குறைய அன்றாட உணவு. வீட்டில் சமைக்காவிட்டாலும், வெளியே தோழிகளோடு சாப்பிடும்போது அவள் விருப்பம்போல் உண்ணலாமா என்பதை அவள் வருவதற்கு முன்பே குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள். இதில் மாமியாரின் சம்மதம் முக்கியம். பிறகு வருத்தம் வந்தால் அது அந்தப் பெண்ணின் முகத்தில்தான் தெரியும்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. அங்கே 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். கைப்பேசி, மடிக்கணினி மின்னேற்றிகள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். உள்நாட்டுப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட முடி உலர்த்தியை இங்கே செருகினால் எரிந்துவிடும். அதைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் பொதுவாக இரவில்தான் குளிப்பார்கள். காலையில் குளிக்காமல் வருகிறாளே என்று யாரும் தவறாக எண்ணாதிருக்கட்டும்.

பதில்: குரோம்பேட்டை, குழந்தைகள் நல மருத்துவர்

பலரும் நினைத்துப் பார்க்காத ஓர் ஆபத்தை முதலில் சொல்கிறேன். ஜப்பானில் 1957க்குப் பிறகு நாய்களிடையே வெறிநோய் இல்லை. அங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தெரு நாயைக் கண்டால் எச்சரிக்கை உணர்வே எழாமல் போகலாம். குனிந்து தடவிக் கொடுக்கக்கூடும். நாய், பூனை, குரங்கு எதையும் தொடக் கூடாது என்று வந்த அன்றே சொல்லுங்கள். சிறு கீறல் பட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற உறுதியையும் கொடுங்கள். பிறருக்குத் தொல்லை தரக் கூடாது என்று அவள் மறைத்துவிடுவதுதான் எனக்குள்ள பெரிய அச்சம். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டுமே கொடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவரும் வலி மாத்திரைகளில் ஐபுபுரூஃபன் போன்றவை இருக்கக்கூடும். டெங்குவில் அவை இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். அந்த மருந்துகளின் பட்டியலை முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஜப்பானில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பார்கள் என்பதால், பல் துலக்கும்போதுகூட எந்தத் தண்ணீர் என்பதை விளக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார். மாதவிலக்கு நாள்களில் எங்கள் வீட்டில் பூஜை அறைக்குள் செல்வதில்லை; இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? தன் பெற்றோருடன் அவள் எவ்வளவு அடிக்கடி பேசுவது நல்லது?

பதில்: அடையாறு, ஓய்வுபெற்ற ஆசிரியை

மாமியார் தயக்கத்தை மீறிக் கேட்டது மிகவும் நல்லது. "எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு, உனக்கு இதில் கட்டாயம் எதுவும் இல்லை" என்று உங்கள் மகளே, தனியாக இருக்கும்போது சொல்லட்டும். அந்த நாள்களைக் குறித்து அவளிடம் யாரும் விசாரிக்க வேண்டாம். ஒதுங்கி உட்காரவோ தனித் தட்டில் உண்ணவோ சொல்வது கூடவே கூடாது. அதை என்னால் ஏற்க முடியாது. நாப்கின் எங்கே இருக்கிறது, பயன்படுத்தியதை எப்படிச் சுற்றி எந்தக் கூடையில் போட வேண்டும் என்பதைக் குளியலறையைக் காட்டும்போதே சொல்லிவிட்டால், பிறகு அவள் கேட்க வேண்டியிராது.

பெற்றோருடன் வாரம் ஒரு முறை நிதானமாகப் பேசுவது போதும் என்பது என் கருத்து. நாள்தோறும் பேசினால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுவதால், ஞாயிற்றுக்கிழமை காலை இருவருக்கும் வசதிப்படும். பரிமாற்ற அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் எண்ணை அவள் கைப்பேசியில் பதிந்து கொடுத்து, வீட்டில் சொல்லத் தயங்கும் எதையும் அவரிடம் சொல்லலாம், அதற்காக நாங்கள் வருந்த மாட்டோம் என்று நீங்களும் மாமியாருமே அவளிடம் கூறுங்கள்.