பழைய டிராக்டரில் கியர் பல் போவது டிரைவராலா, பராமரிப்பாலா?

டெல்டா உழவன்:
மன்னார்குடி பக்கம் எங்கள் வயல். வண்டி 35 குதிரைத்திறன், அப்பா காலத்தில் வாங்கியது, ஸ்லைடிங் மெஷ் கியர் பெட்டி. இரண்டாவது கியர் போடும்போது கொஞ்ச நாளாகவே கரகரவென்று சத்தம். இப்போது பிரித்துப் பார்த்தால் அந்தக் கியரில் பற்களின் ஒரு பக்க முனை மட்டும் மழுங்கி, இரண்டு பல்லில் ஓரம் பெயர்ந்திருக்கிறது. பல்லின் நடுப்பகுதியில் தேய்மானமே இல்லை. மெக்கானிக் டிரைவர் மேல் பழி போடுகிறார், டிரைவர் வண்டி மேல் போடுகிறார். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவைக்குத் தொளி அடிக்க, அதாவது சேற்றுழவுக்கு, வண்டி வேண்டும். புதுக் கியர் போட்ட பிறகு மறுபடி இப்படி ஆகாமலிருக்க என்ன செய்யலாம்?

பட்டறை:
பல் முனையிலேயே பதில் இருக்கிறது தம்பி. பாரம் தாங்காமல் போன கியர் என்றால் பல்லின் முகத்தில் குழி விழும், இல்லாவிட்டால் அடியிலிருந்து பல் முழுசாக முறியும். முனை மட்டும் மழுங்குவது, சுற்றிக்கொண்டிருக்கும் கியருக்குள் இன்னொரு கியரைத் திணிப்பதால்.

இந்தப் பெட்டியில் கியர் சக்கரமே ஷாஃப்டில் நகர்ந்து போய் அடுத்த சக்கரத்தின் பல்லுக்குள் நுழைகிறது. கான்ஸ்டன்ட் மெஷ் பெட்டியில் சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும், லிவர் நகர்த்துவது நடுவிலுள்ள கப்ளரை மட்டும்தான். கார் மாதிரி வேகத்தைச் சமப்படுத்தித் தரும் சிங்க்ரோனைசர் உங்கள் பெட்டியில் கிடையாது. அதனால் வண்டியை நிறுத்து, கிளட்சை மிதி, இரண்டு மூன்று நொடி பொறு, அப்புறம் கியர் போடு. ஓட்டத்தில் மாற்றவே கூடாது. என் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இதே காயம்தான்.

கரும்புத் தோட்டம்:
இதை ஒத்துக்கொள்ள முடியாது அண்ணே. நான் சத்தியமங்கலம் பக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவன். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு ரோட்டில் ஒவ்வொரு கியருக்கும் நின்று நின்று போனால் பின்னால் வரும் லாரிக்காரன் சும்மா விடுவானா? டபுள் கிளட்ச் தெரிந்தவன் ஓட்டத்தில் மாற்றினாலும் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. மேல் கியருக்கு: கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விடு, இன்ஜின் சத்தம் இறங்கட்டும், மறுபடி கிளட்ச், கியர். கீழ் கியருக்கு: நியூட்ரலில் கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து வேகத்தை ஏற்றிய பிறகு போட வேண்டும். இரண்டு சக்கரத்தின் பல் வேகமும் ஒத்துவந்தால் சத்தமே இல்லாமல் விழும்.

என்னைக் கேட்டால் டிரைவரைத் திட்டும் முன் கிளட்சைப் பாருங்கள். கிளட்ச் முழுசாக விடாத வண்டியில் நின்ற இடத்தில் கியர் போட்டாலும் பல் அடி வாங்கும். எத்தனை நொடி பொறுத்தாலும் உள்ளே ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பட்டறை:
கிளட்ச் விஷயம் நியாயம், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டபுள் கிளட்சை இவருடைய வயலுக்குக் கொண்டுவராதீர்கள். தொளியில் ஒன்பது கொழுக் கலப்பையோடு போகும் வண்டியில் கிளட்சை மிதித்த மாத்திரத்தில் சக்கரம் நின்றுவிடும். நீங்கள் நியூட்ரலுக்கு வருவதற்குள் வண்டியே ஓடவில்லை, அப்புறம் எந்த வேகத்தோடு எதை ஒப்பிட்டு ஆக்சிலேட்டர் கொடுப்பது? டிரெய்லர் உருள்கிற ரோட்டில் நீங்கள் சொல்வது நடக்கும். சேற்றில் நடக்காது.

ரோட்டிலும், எல்லாக் கியரையும் மொத்தமாக வேகமாகவோ மெதுவாகவோ ஆக்கும் ஹை-லோ லிவரும் ரிவர்ஸும் வண்டி நின்ற பிறகுதான். மாஸி 35 வகை வண்டிகளில் மூன்று கியரையும் ஹை-லோவையும் சேர்த்துத்தான் முன்னோக்கி ஆறு வேகம் வருகிறது. சிலர் ஹை-லோவையும் இன்னொரு கியர் என்று நினைத்து ஓட்டத்தில் இழுக்கிறார்கள்.

கரும்புத் தோட்டம்:
ஹை-லோவில் நானும் உங்கள் கட்சி. வயலைப் பொறுத்தவரை கியரைத் தேர்ந்தெடுத்துவிட்டே இறங்க வேண்டும், நடுவில் மாற்றும் தேவையே வரக்கூடாது. சரி. ஆனால் "ஓட்டத்தில் மாற்றவே கூடாது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுப் பழகியவன் இறக்கத்தில் கியர் மாற்றத் தெரியாமல் நியூட்ரலில் உருட்டுகிறான். பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள, மறுபடி கியர் விழாது, பிரேக் ஒன்றுதான் கதி. அது ஆளைக் கொல்லும்.

பட்டறை:
இறக்கம் தொடங்குவதற்கு முன்பே நின்று சிறிய கியரில் போட்டால் இந்தப் பேச்சே இல்லை.

டெல்டா உழவன்:
இரண்டு பேருக்கும் நன்றி அண்ணே. கிளட்ச் முழுசாக விடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பெடலில் ஆட்டம் நிறையவே இருந்தது.

கரும்புத் தோட்டம்:
இன்ஜினை ஸ்லோவில் விட்டு, கிளட்சை அடிவரை மிதித்துக் கொஞ்சம் பொறுத்து ரிவர்ஸைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பெடலில் ஆட்டம் அதிகமானால் மிதிப்பில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும், பிளேட் விடாது. ஆட்டமே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசித் தேயும், பிளேட்டும் வழுக்கும். வண்டியின் புத்தகத்தில் இருக்கும் ஆட்ட அளவுக்குப் பெடலோடு சேரும் ராடை வையுங்கள். பழைய வண்டியில் பெடல் பின்னும் அது உட்காரும் ஓட்டையும் தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் ராடை மட்டும் திருகினால் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

இன்னொன்று. சில நேரம் நின்ற வண்டியில் கியர் உள்ளே போகாமல் முட்டிக்கொண்டு நிற்கும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நிற்பதால் அப்படி. லிவரைக் காலால் உதைக்காமல், நியூட்ரலில் கிளட்சை லேசாக விட்டு மறுபடி மிதித்தால் சக்கரம் கொஞ்சம் திரும்பி வழிவிடும்.

நாற்றங்கால்:
நானும் டெல்டாதான், திருவாரூர். கையா கிளட்சா என்று இருவரும் பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்து எதிரியான தண்ணீரை யாரும் சொல்லவில்லை. சேற்றுழவில் அச்சு மூழ்க நின்று வேலை செய்யும் வண்டி இது. ஆக்சில் சீல் தேய்ந்திருந்தாலோ, கியர் லிவர் ரப்பர் கிழிந்திருந்தாலோ தண்ணீர் உள்ளே இறங்கும். சீசன் முடிந்து டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், எண்ணெய் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் பேரிங்கெல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. பேரிங் ஆடினால் ஷாஃப்ட் விலகும், பல் முழு அகலத்துக்கும் கோக்காது. அப்புறம் எவ்வளவு பொறுமையான டிரைவர் வந்தும் பயனில்லை.

வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்திவிட்டுக் காலையில் டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் எண்ணெய்க்கு முன்னால் அதுதான் சொட்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு தொளி சீசனுக்குப் பிறகும் இதைச் செய்கிறோம்.

குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவில் வண்டி சும்மா நிற்கும்போது கிளட்ச் பிளேட் ஈரத்தில் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்துவதானால் பெடலை அமுக்கி ஒரு கட்டை கொடுத்து வையுங்கள்.

பட்டறை:
அக்கா சொல்வது சரி, ஆனால் இந்த வண்டிக்குக் காரணம் தண்ணீர் இல்லை. பேரிங் போயிருந்தால் எல்லாக் கியரிலும் தேய்மானம் தெரியும். இங்கே இரண்டாவது மட்டும், அதுவும் முனை மட்டும்.

நாற்றங்கால்:
பேரிங்கைக் கையால் ஆட்டிப் பார்த்தீர்களா என்று அவரைக் கேட்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்? வண்டி பிரித்துக் கிடக்கும்போது பார்க்காமல் வேறு எப்போது பார்ப்பது?

அப்புறம், சத்தம் குறையக் கெட்டியான எண்ணெய் ஊற்றும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. பல பழைய வண்டிகளில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். அளவுக்கு மீறிக் கெட்டியாக ஊற்றினால் லிஃப்ட் சோம்பும், பம்ப் கஷ்டப்படும். சத்தம் மறைந்தாலும் காயம் மறையாது. ஜிஎல்-5 என்ற தரக் கியர் எண்ணெய் உயர்ந்தது என்று அதை ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் சேர்க்கும் கந்தகம் பழைய பெட்டிகளில் இருக்கும் வெண்கல புஷ்ஷை அரிக்கக்கூடியது. புத்தகத்தில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதுவே போதும்.

டெல்டா உழவன்:
அக்கா கேட்டதால் மறுபடி போய்ப் பார்த்தேன். மெயின் ஷாஃப்ட் பின் பேரிங்கில் லேசான ஆட்டம் இருக்கிறது. எண்ணெய் நிறம் மாறவில்லை. கிளட்ச் பெடல் பின் பாதி தேய்ந்துவிட்டது. டிரைவர் இன்னொன்றும் சொன்னார்: இரண்டாவது கியர் சில நேரம் தானாகவே கழன்று வரும், அதனால் முட்டியால் லிவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவாராம்.

பட்டறை:
அதைத்தான் பார்க்க வேண்டும். கியரை நகர்த்தும் செலக்டரை இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும் தளர்ந்திருக்கும். கியர் பாதிதான் கோத்து நின்றிருக்கிறது, பாரம் முழுவதும் பல் ஓரத்தில் இறங்கியிருக்கிறது. கழன்று வரும்போதும் பல் முனை அடி வாங்கும். முட்டியால் அழுத்தியதில் செலக்டர் ஃபோர்க்கும் தேய்ந்திருக்கும், அதையும் பாருங்கள். தப்பு டிரைவர் மேல் மட்டும் இல்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கரும்புத் தோட்டம்:
ஒரு சந்தேகம். பெயர்ந்த பல்லுக்கு வெல்டிங் வைத்து அரைத்து ஓட்டலாமே? எங்கள் ஊரில் செய்கிறார்கள், ஒரு சீசன் தாங்கியதைப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டிக்குப் புதுக் கியர் செலவு எல்லோராலும் முடியாது.

பட்டறை:
வேண்டவே வேண்டாம். கியர் பல்லின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தியது. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும், ஓரத்தில் விரிசலும் விடும். உடைந்த துண்டு உள்ளே விழுந்து வேறு இரண்டு சக்கரத்துக்கு நடுவில் சிக்கினால் மொத்தப் பெட்டியும் போகும். வாங்கும்போது இதோடு கோக்கும் எதிர்க் கியரையும் சேர்த்தே வாங்கச் சொல்வேன். பழையதும் புதியதும் சேர்ந்தால் புதியது சீக்கிரம் தேயும்.

கரும்புத் தோட்டம்:
கையில் காசு இல்லாதவன் அறுவடை வரைக்கும் ஓட்டத்தான் பார்ப்பான். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நாற்றங்கால்:
டெல்டாத் தம்பிக்கு ஒன்று. சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் புதைந்தால் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி உதைக்க டிரைவரை விடாதீர்கள், ஒவ்வொரு உதையும் கியர் பல்லில்தான் இறங்குகிறது. சக்கரத்தில் கட்டை கட்டி ஏற்றுவது அதைவிட ஆபத்து. சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் வண்டியின் முன்பக்கம் தூக்கி டிரைவர் மேலேயே கவிழும். கலப்பையைக் கழற்றிவிட்டு இன்னொரு வண்டியால் இழுங்கள்.

டெல்டா உழவன்:
இரண்டு கியரையும், பேரிங், செலக்டர் ஸ்பிரிங், பெடல் பின் எல்லாவற்றையும் வாங்கச் சொல்லிவிட்டேன். வண்டி பிரித்துக் கிடப்பதால் கிளட்ச் பிளேட்டையும் பார்க்கிறார்கள். பூட்டிய பிறகு எண்ணெயை எப்போது மாற்றுவது?

பட்டறை:
முதல் எண்ணெயை வழக்கமான கெடு வரை விடாதீர்கள். குறுவை உழவு முடிந்ததும், எண்ணெய் சூடாக இருக்கும்போதே இறக்கி வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். மைப்பொடி மாதிரி வந்தால் புதுப் பல் படிகிற பொடி, கவலை வேண்டாம். விரலில் குத்துகிற துண்டு கிடைத்தால் வண்டியை எடுக்காதீர்கள், எனக்கு எழுதுங்கள்.