பழைய ஆக்டேவியாவுக்கு முன்பக்க இன்டர்கூலர்: வில்லியனூர் அனுபவம்

வில்லியனூரிலிருந்து:

என்னிடம் இருப்பது பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். இரண்டு பேர் கை மாறி என்னிடம் வந்தது. காலை ஆறு மணிக்கு ஈசிஆரில் எடுத்தால் பறக்கும். அதே வண்டி மதியம் இரண்டு மணிக்கு மரக்காணம் உப்பளத்தைத் தாண்டும்போது ஒரு லாரியை முந்தவே யோசிக்கும். முதல் தடவை மிதித்தால் இழுக்கும், இரண்டாவது தடவை கொஞ்சம் சோர்ந்து போகும், மூன்றாவது தடவை டர்போ இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

காரணம் சூடுதான். டர்போவின் வேலை எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புவது. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதேதான். வெளியே 35 டிகிரி வெயில், டர்போ 0.7 பார் அழுத்தம் கொடுக்கிறது என்றால், டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிர வைத்து எஞ்சினுக்கு அனுப்புவதுதான் இன்டர்கூலரின் வேலை. என் வண்டியில் கம்பெனி வைத்திருந்தது ஒரு சின்னப் பெட்டி. வலது முன்சக்கரத்துக்கு முன்னால், பம்பர் மூலையில் ஒளிந்திருக்கும். நேராகக் காற்று படாது. ஒரு தடவை சூடேறினால் ஆறவே ஆறாது. சூடான காற்று போனால் நாக்கிங் (பெட்ரோல் தானாக, நேரம் தவறி வெடிப்பது) வரும் என்று இசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, ஸ்பார்க் வரும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். நான் மிதிக்கிறேன், வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. வண்டி மேல் தப்பே இல்லை.

முன்பக்க இன்டர்கூலர் போடுவது என்று முடிவு செய்ததும் முதலில் செய்தது அளவெடுப்பு. வண்டியின் சென்சார் எண்களைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் கருவியைச் சொருகி, வெளியே 33 டிகிரி இருந்த ஒரு நாள், மூன்றாவது கியரில் அடுத்தடுத்து மூன்று தடவை மிதித்துப் பார்த்தேன். உள்ளே போகும் காற்று 71 டிகிரி. இந்த எண்ணை எழுதி வைக்காமல் யாரும் வேலையைத் தொடங்காதீர்கள். பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்?

பழையதைக் கழற்றிக் கவிழ்த்தபோது இரண்டு மூன்று கரண்டி எஞ்சின் ஆயில் வடிந்தது. டர்போ வண்டிகளில் கொஞ்சம் ஆயில் படிவது சகஜம்தான். வெளிப்பக்கம்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது, விரலால் தொட்டால் ஓரங்கள் உதிர்ந்தன. கடலோரத்தில் அலுமினியத்துக்கு இதுதான் கதி.

புதியது 550 மில்லிமீட்டர் அகலம், 180 உயரம், 65 தடிமன், பட்டைகளும் தகடுகளும் அடுக்கிச் செய்த பார் அண்ட் பிளேட் வகை. டியூப் வகையை விட எடை கூடுதல், ஆனால் அடுத்தடுத்து மிதித்தாலும் சூட்டைத் தாங்கும், கல்லடியும் தாங்கும். இதைவிடப் பெரியதும் கிடைத்தது. அதைப் பொருத்த பம்பருக்குள் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னால் இடித்தால் முதல் அடியை வாங்குவது அந்தச் சட்டம்தான். பின் சீட்டில் என் பிள்ளைகள் உட்காருகிறார்கள். சட்டத்துக்குக் கீழே அடங்குகிற அளவைத்தான் வாங்கினேன். ஹார்ன் இரண்டையும் இடம் மாற்றினோம், பம்பரின் உள்பக்கப் பிளாஸ்டிக்கை மட்டும் கொஞ்சம் செதுக்கினோம்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் காலை, காலாப்பட்டு தாண்டி, மூன்றாவது கியரில் 4,000 ஆர்பிஎம் வரும்போது 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி இருமியது, பின்னால் கரும்புகை. ஓரங்கட்டிப் பார்த்தால் இன்டர்கூலரிலிருந்து வெளியே வரும் குழாயில் சிலிக்கான் ஹோஸ் கழன்று தொங்குகிறது. காற்று அளவு சென்சார் அளந்து கணக்கில் சேர்த்த காற்று வழியிலேயே வெளியேறிவிட்டது, அதற்கான பெட்ரோல் மட்டும் எஞ்சினுக்குள் போய்விட்டது. அதனால்தான் அந்தப் புகை.

குழாய் நுனியைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நீளத்துக்கு வெட்டிக் கொடுத்த பட்டறையில் விளிம்பில் வரம்பு எடுக்கவில்லை. ஹோஸ் பிடித்து நிற்க நுனியைச் சுற்றி ஒரு மேடு வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு உள்ளே ஆயில் பிசுக்கு வேறு. வேறொரு ஆர்கான் வெல்டிங் அண்ணனிடம் போனேன். அவர் ஒவ்வொரு நுனியிலும் மெல்லிய வளையம் போல வெல்டிங் ஓட்டி, அரம் போட்டு, "இப்ப இழுத்துப் பாரு தம்பி" என்றார். பிரேக் கிளீனரால் துடைத்து, சாதாரண புழு கிளாம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு டி-போல்ட் கிளாம்ப் போட்டேன். இன்றுவரை அசையவில்லை.

அப்புறம் கசிவுச் சோதனை. பிளம்பிங் கடையில் ஒரு பிவிசி மூடி வாங்கி, நடுவில் துளை போட்டு டயர் வால்வு மாட்டினேன். டர்போவுக்குக் காற்று நுழையும் குழாயில், காற்று அளவு சென்சாரைக் கழற்றிவிட்டு, அதை மாட்டி 15 பிஎஸ்ஐ ஏற்ற வேண்டும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் ஹோஸைக் கழற்றி அந்த வழியை அடைத்துவிட வேண்டும், மறந்தால் ஆயில் சீலுக்கு ஆபத்து. பஞ்சர் கடைக் கம்ப்ரசரால் ஏற்றிவிட்டு ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். பார்வைக்குச் சரியாக இருப்பது போலத் தெரிந்த ஒரு மூட்டில், நண்டு நுரை தள்ளுவது போலப் பொடிப்பொடியாக நுரை வந்தது. சத்தமே இல்லை. இந்தச் சோதனை இல்லாமல் அது எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்று மிதிக்கு 55 டிகிரி காட்டியது. எனக்குத் திருப்தி இல்லை. பம்பர் ஓட்டை வழியாக வரும் காற்று இன்டர்கூலரின் பக்கவாட்டு இடைவெளியில் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. அலுமினியத் தகடும் ஃபோமும் வைத்து இரண்டு பக்கமும் அடைத்தேன். அதே 33 டிகிரி நாளில் 46. 71-இலிருந்து 46 என்றால் காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஆனால் வண்டி ஓட்டும்போது தெரிகிற வித்தியாசம் இந்தக் கணக்கு இல்லை. மூன்றாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருக்கிறது, அதுதான்.

இழந்தது ஒன்று உண்டு. இந்திரா காந்தி சதுக்கத்தில் சிக்னலில் நிற்கும்போது ஏசி முன்பு போல ஜில்லென்று இல்லை. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் முன்னால் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறோம் அல்லவா. டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் 90-இலேயே நிற்கும், அதை நம்ப வேண்டாம். இந்த வண்டிகளில் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் அசையாது. உண்மையான கூலன்ட் சூட்டை ஓபிடியில்தான் பார்க்க வேண்டும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அண்ணே, போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் மதிய வெயிலில் இழுவை குறைந்தது. ஒரு கடையில் முன்பக்க இன்டர்கூலர் கிட் போட்டால் சரியாகிவிடும் என்று விலை பேசினார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) எங்கள் பழைய மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். அவர் பானட்டைத் திறந்து காட்டினார். இந்த எஞ்சினில் இன்டர்கூலர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது, குளிர வைப்பது காற்று இல்லை, தண்ணீர். அதற்கென்று தனி ரேடியேட்டர், தனியாக ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப். என் வண்டியில் அந்தப் பம்ப் செத்துப் போயிருந்தது. புதுசு மாற்றியதும் பழைய வண்டி திரும்பி வந்தது. கிட் வாங்கியிருந்தால் பணமும் போய், பம்பும் செத்தே கிடந்திருக்கும்.

தவளக்குப்பத்திலிருந்து:

என்னுடையது லீனியா டி-ஜெட், பெரிய இன்டர்கூலர் முன்பக்கம் ஏற்கெனவே போட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தபோது எங்கள் தெருவில் பம்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போடக் கை போனது. என் மனைவி தடுத்தார், "முதல்ல கழட்டிப் பாருங்க" என்று. கீழே இருக்கும் ஹோஸைக் கழற்றியதும் ஒரு சொம்புக்குக் குறையாமல் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. ஒரு மூட்டு சரியாக உட்காராமல் இருந்திருக்கிறது. அது சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், தண்ணீரை அழுத்த முடியாதே. முன்பக்க இன்டர்கூலர் போட்டவர்கள் ஐப்பசி கார்த்திகையில் இதை மறக்க வேண்டாம். எனக்கு ஒரு சந்தேகம்: அந்த பிவிசி மூடியை என் வண்டிக்கும் பயன்படுத்தலாமா? இசியூ ட்யூன் (அதன் கணக்குகளை மாற்றுவது) செய்யாமல் இன்டர்கூலர் மட்டும் போட்டதில் பலன் உண்டா?

வில்லியனூரிலிருந்து:

அண்ணிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் அண்ணே, எஞ்சினைக் காப்பாற்றியவர் அவர்தான். ட்யூன் பற்றி: நானும் இன்னும் செய்யவில்லை. புதிதாகச் சக்தி கூட்டியதாக நினைக்கவில்லை, வெயிலில் இழந்துகொண்டிருந்ததைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு அதுவே எனக்குப் போதும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுகிறேன், சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் பக்கத்தில் கொண்டுபோனால் ஃபின் மடங்கிவிடும்.

மூடி குழாயின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். உங்கள் டர்போ இன்லெட் ஹோஸின் உள்விட்டத்தை அளந்து சொல்லுங்கள், சின்னதாக இருந்தால் வேறொன்று செய்துகொண்டு வருகிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முள்ளோடை பக்கம் எப்படியும் பெட்ரோல் போட வருவேன். பக்கத்தில் கம்ப்ரசர் வைத்திருக்கும் பஞ்சர் கடை இருக்கிறது. சோப்புத் தண்ணீர் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.