வினவலா தேடலா, அப்புறம் காப்புரிமைச் சிக்கல்

வணக்கம் நண்பர்களே,

தரவிடம் கேட்கும் 'க்வெரி'க்கு (query) நான் சொன்ன 'வினவல்' வேண்டாம், 'தேடல்' என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும் என்று போன மடலில் வந்த யோசனையை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை.

நான் எழுதுவது வலைப்பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு சின்ன நிரலகம் (லைப்ரரி), கூடவே தமிழில் அதற்கு ஆவணமும் சொற்பட்டியலும். ஓர் அணி (அர்ரே, அதாவது வரிசைப் பட்டியல்) நிறையத் தரவுப் பொருள்கள் இருந்தால், நிபந்தனை சொல்லி வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும், அவ்வளவுதான். சோதனைக்கு வைத்திருப்பது பெங்களூர் வாடகை வீட்டுப் பட்டியல். ஒவ்வொரு வீடும் ஒரு பொருள், அதற்கு ஏரியா, வாடகை, காவேரித் தண்ணீர் உண்டா என்று மூன்று பண்புகள். ஏரியா அல்சூர், வாடகை 25,000க்குள், காவேரி உண்டு என்று கேட்டால் மூன்றும் பொருந்துகிற வீடு மட்டும் வரும். ஒன்றுமே பொருந்தாவிட்டால் வெற்று அணி வரும். இதையே 'தேடல்' என்று சொன்னால் படிப்பவர் எதிர்பார்ப்பது வேறு: தேடுபொறியில் அல்சூர் என்று அடித்தால் 'அல்சூர் ஏரிக்குப் பத்து நிமிடம்' என்று விளம்பரம் போட்ட இந்திராநகர் வீடும் சேர்ந்து வருமே, அந்த மாதிரி. தேடல் கிட்டத்தட்டப் பொருந்துவதையும் கொண்டுவரும். இங்கே அது பிழை.

பள்ளியில் வினா ஆறு வகை என்று படித்தோம், நினைவிருக்கிறதா? அதில் கொளல் வினா ஒன்று, கடைக்காரரிடம் 'துவரம்பருப்பு இருக்கிறதா' என்று கேட்பது. இருந்தால் வாங்கிக்கொள்ளத்தான் கேட்கிறோம். தரவிடம் நாம் கேட்பதும் அச்சு அசல் இதுதான். அதனால் வினா என்ற வேரை விட்டு விலக எனக்கு மனமில்லை, பாடநூல்களும் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லை (SQL) வினவல் மொழி என்றே சொல்லிப் பழக்கியிருக்கின்றன. இன்னொன்று, ஆவணம் எழுதும்போது பெயர்ச்சொல்லை விட வினைச்சொல்தான் அதிகம் தேவைப்படுகிறது. வினவினால், வினவும்போது, வினவப்பட்ட, வினவாமலே என்று எந்தப் பக்கம் வளைத்தாலும் இது ஒடியவில்லை. வினவும் செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) 'வினவி' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அது 'கேட்டு' என்று எச்சமாகவும் படிக்கப்படும், வாக்கியத்தின் நடுவில் வந்தால் தடுக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் செலக்டருக்குத் 'தெரிவி' என்பதும் அப்படியே, அறிவி என்று ஏவுவது போல ஆகிவிடுகிறது. தேர்வி என்றால் சரியாக இருக்கும்.

இனி உரிமம். என்னை அதிகம் படுத்தியது இதுதான்.

என் நிரலகத்துக்கு நான் எடுத்த திறமூல மென்பொருள் உரிமமான அப்பாச்சி 2.0ஐத் தமிழில் விளக்க உட்கார்ந்தேன். அதன் 2ஆம் பிரிவு காப்பிரைட் (எழுதிய படைப்பின் மீதான உரிமை) அனுமதி, 3ஆம் பிரிவு பேட்டன்ட் (கண்டுபிடிப்பின் மீதான உரிமை) அனுமதி. நம்மிடம் இரண்டுக்குமே 'காப்புரிமை' புழங்குகிறது. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்திலும் அதுதான், மருந்து வழக்குச் செய்தியிலும் அதுதான். எழுதி முடித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஒரே விஷயத்தைச் சொல்வது போல இருந்தது. ஆனால் இன்னொரு திறமூல உரிமமான எம்ஐடியை விட்டு அப்பாச்சியை நான் எடுத்ததற்குக் காரணமே அந்த 3ஆம் பிரிவுதான். எம்ஐடி சில பத்திகளே, படிக்கச் சுலபம், பேட்டன்ட் பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை. அப்பாச்சியில் பங்களிப்பவர் தன் பேட்டன்டுக்கும் சேர்த்தே அனுமதி தருகிறார், இந்த நிரல் என் பேட்டன்டை மீறுகிறது என்று யாராவது வழக்குப் போட்டால் அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி போய்விடும். இந்த வேறுபாட்டையே ஒரு சொல் அழித்துவிடுகிறது என்றால் அந்தச் சொல் இங்கே வேண்டாம். காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை, பேட்டன்டுக்குப் புத்தாக்க உரிமை என்று பிரித்து எழுதுகிறேன். 'காப்புரிமை' என்ற சொல்லை இந்த ஆவணத்தில் எங்குமே பயன்படுத்தப் போவதில்லை.

ஜிபிஎல் போன்ற மென்பொருள் உரிமங்களைக் குறிக்கும் காப்பிலெஃப்ட்டுக்கு 'அளிப்புரிமை' நல்ல தமிழ்தான், ஓசையும் அழகு. ஆனால் எம்ஐடியும் அளிக்கத்தானே செய்கிறது? ஜிபிஎல்லின் தனித்தன்மை அளிப்பதில் இல்லை, நிரலை மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையில் இருக்கிறது. ஊரில் நிலம் வாங்கும்போது கிரயப் பத்திரத்தில் 'வழிநடை பாத்தியம் உட்பட' என்று எழுதுவார்கள், நிலம் கைமாறினாலும் அந்தப் பாத்தியம் நிலத்தோடு போகும். அது போல நிரலைத் தொடர்ந்து போவதால் 'தொடருரிமம்' என்று சொல்லிப் பார்க்கிறேன். வலை நிரலாளர்களுக்கு இது முக்கியமாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட் உலாவிக்குப் போய் இறங்குகிறது, அதாவது நிரலையே பயனர் கையில் கொடுக்கிறோம். சர்வரில் மட்டும் ஓடும் ஜிபிஎல் நிரலுக்கு அப்படி இல்லை, நிரல் பயனர் கைக்குப் போவதில்லை என்பதால் நிபந்தனையும் எழாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஏஜிபிஎல் என்ற உரிமம் இருக்கிறது.

என் பக்கத்து இருக்கைக் கன்னட நண்பர் லைசன்ஸுக்குப் 'பரவானகி' என்கிறார், ஓட்டுநருக்கும் அதே, மென்பொருளுக்கும் அதே. நமக்கு உரிமம் அப்படியே நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

நிரல் அப்பாச்சி 2.0, இந்தச் சொற்பட்டியல் மட்டும் சிசி0 (உரிமையை விட்டுக்கொடுத்துப் பொதுவில் வைப்பது), யாரும் கேட்காமலே எடுத்து அகராதியில் சேர்த்துக்கொள்ளட்டும். 'தொடருரிமம்' பற்றி மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். 'உரிமத்தைத் தொடர்வது' என்று யாராவது தலைகீழாகப் படிப்பார்களோ என்று எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது, முக்கியமாக அதற்குப் பதில் வேண்டும்.